முகமில்லாக் குரலும் ஆளில்லாக் காமிராவும்

கட்டுமாவடிக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் பாக்கு நீரிணையின் நீர்ப்பரப்பன்றி வேறெதுவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத அந்த அக்கரைதான் ஒரு காலத்தில் இவ்வூர்த் தேநீர்க் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் விடிந்ததிலிருந்து இரவு வரை பேசிக்கொண்டிருந்தது. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என இக்கரையோரத்து ஊர்கள் யாவற்றிலும் அக்குரல்களை அறியாத இல்லமில்லை. அவற்றுக்குரியோரின் முகத்தை அறிந்தவரோ எவருமிலர். குரலைக் கேட்டு ஆளை அறிவது. ஆளைக் காணாமலே உறவு கொண்டாடுவது. இதுவே வானொலி நமக்குப் பழக்கிய வழக்கம்.

இன்று அவ்வழக்கம் மாறிவிட்டது. வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே காமிராக்கள் தொங்குகின்றன. அவற்றின் பின்னே ஆள் எவரும் நிற்பதில்லை. எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் விரலசைவுக்கு அவை திரும்புகின்றன, நிமிர்கின்றன, அருகே வருகின்றன. காதுக்கென்று பிறந்த நிகழ்ச்சி அப்படியே கண்ணுக்கும் படைக்கப்படுகிறது. இது நேர்ந்த வரலாற்றையும், இதனால் நாம் பெற்றது யாது, இழக்கக்கூடியது யாது என்பதையும் இங்கே ஆராய விழைகின்றோம்.

முதலில் நம் கரைக்கு வந்த குரலின் கதை. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறைப்படி தொடங்கியது 1925 டிசம்பர் 16-ஆம் நாள். முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டே அங்கே தொடக்ககாலச் சோதனைகள் நடந்தன என்பர். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படையினர்க்காகக் கொழும்பில் பெரும் ஆற்றல் வாய்ந்த ஒலிபரப்பு நிலையமொன்று எழுந்தது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபோது, போருக்கென அமைந்த அவ்வாற்றல் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் பயன்படலாயிற்று.

காலமும் அதற்குத் துணை நின்றது. 1952-இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப்போயிற்று. பாட்டை விரும்பிய இந்திய மக்கள் தங்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். அமீன் சயானியின் இந்திப் பாடல் நிகழ்ச்சியான ‘பினாகா கீத்மாலா’ அதே 1952-இல் இலங்கை வானொலியில்தான் தொடங்கியது. இழந்த நேயர்களை மீட்பதற்காகவே 1957 அக்டோபர் 3-ஆம் நாள் ‘விவித் பாரதி’யை இந்திய அரசு தொடங்க வேண்டியதாயிற்று. சுவையைச் சட்டத்தால் திருத்த முயன்றவர்க்குச் சுவையே பாடம் புகட்டிய நிகழ்ச்சி இது.

கட்டுமாவடிக்குத் திருச்சி வானொலி நிலையம் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ளது; 1939 மே 16 முதல் அது ஒலித்து வருகிறது. கொழும்போ முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தொலைவிலிருந்து கொழும்பு எவ்வாறு கணீரெனக் கேட்டது என்னும் வியப்பு எழலாம். மத்திய அலை நிலத்தையோ நீரையோ தழுவிச் செல்லும் இயல்புடையது. வறண்ட நிலம் அதனை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதாகையால் கடலின் மேற்பரப்பில் அவ்வலை அதிகம் தேயாமல் வெகுதூரம் செல்லும். கட்டுமாவடியிலிருந்து கொழும்புக்கு ஒரு நேர்கோடு வரைந்தால் அதன் பெரும்பகுதி கடல்மீதே செல்வதைக் காணலாம். நம் முன்னோரின் தோணிகளைச் சுமந்த நீரே அக்குரலையும் சுமந்து வந்தது. இக்கரையின் குடும்பங்கள் பலவற்றுக்கு அக்கரையில் கடையோ, கொள்வினையோ, உறவோ இருந்தமையால் அங்கிருந்து வந்த தமிழ் நமக்கு அயல்தமிழாகத் தோன்றவுமில்லை.

பெட்டி வாங்குவதே அந்நாளில் பெரும் செலவு. அதன்மேல் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமமும் பெறவேண்டும். 1980-களின் நடுப்பகுதியில்தான் அவ்வுரிமமுறை ஒழிந்தது. ஆகவே ஒரு தெருவில் ஒரு பெட்டி, அதனைச் சுற்றி ஒரு கூட்டம் என்பதே நடைமுறை. கடலுக்குச் செல்வோர் திருச்சியின் வானிலை அறிவிப்பைக் கேட்டபின் கொழும்புக்கு மாறுவர். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நம்மவர்க்குத் தனியே உவப்பளித்தது. மார்க்க உரைகளும், கிராஅத்தும், இஸ்லாமியப் பாடல்களும், நோன்புக் காலச் சிறப்பு நிகழ்ச்சிகளும் தமிழிலேயே நாள்தோறும் கேட்கக் கிடைத்த வாய்ப்பு வேறெங்கே இருந்தது?

மயில்வாகனன், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் முதலான அறிவிப்பாளர்களின் பெயர்கள் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயர்களாயின. 1983-க்குப் பின் இடைக்கடல் போர்க்கடலாகிப் போக்குவரத்து அற்றபோதும் குரல்கள் வந்துகொண்டேயிருந்தன. கே.எஸ். ராஜா பின்னர்க் கொழும்பில் கொல்லப்பட்டார். அவருடைய விரைந்த பேச்சை மூச்சு விடாமல் ஒப்பித்துக் காட்டிய இக்கரை இளைஞர்களுள் அவர் உருவத்தைக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்?

முகம் தெரியாதிருந்ததால் விளைந்த ஒரு நன்மையை இங்கே குறித்தாக வேண்டும். பேசுபவர் எந்த ஊரினர், எந்தச் சமயத்தினர், தொப்பி அணிந்தவரா, நெற்றியில் நீறிட்டவரா என்பதெல்லாம் வானொலியில் எடுபடுவதில்லை. எடுபடுவது உச்சரிப்பொன்றே. ஜனாப் அப்துல் ஹமீத் அவர்களின் தமிழ் நாவன்மையைத் தமிழ்நாட்டின் எல்லாச் சமயத்தாரும் தம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். லகர ளகர ழகரங்களை அவர் வேறுபடுத்திய நயத்தைப் பள்ளி ஆசிரியர்களும் வியந்தார்கள். ‘முஸ்லிம்களுக்குத் தமிழ் சரிவர வராது’ என்று யாரோ கட்டிவிட்ட பழங்கதையை ஒரு சொற்பொழிவுமின்றி ஒரு குரல் தகர்த்தது.

மற்றொரு நன்மை நம் இல்லங்களுக்கே உரியது. திரைக்குப் பின்னிருந்து பயான் கேட்பது நம் பெண்டிர் தலைமுறை தலைமுறையாக அறிந்த முறை. பள்ளிவாசல் முற்றத்தில் ஒலிபெருக்கி முழங்க, அடுத்த வீட்டு முற்றத்தில் அமர்ந்து கேட்ட பெண்களுக்கு, வானொலி என்பது அத்திரையின் இன்னொரு வடிவமாகவே தோன்றியது. வெளியிலிருந்து குரல் வாசல் தாண்டி உள்ளே வந்தது. அந்நியர் எவரும் வாசல் தாண்ட வேண்டியிருக்கவில்லை. இது ஒருவழிப் பாதையாகவும் நின்றுவிடவில்லை. முஸ்லிம் சேவையின் ‘மாதர் மஜ்லிஸ்’ போன்ற நிகழ்ச்சிகளில் முஸ்லிம் பெண்களே எழுதினார்கள், பேசினார்கள், நடித்தார்கள். மேடையேற ஒருபோதும் இசையாத குடும்பத்தினர் பலர், உருவம் தோன்றாது என்னும் ஒரே காரணத்தால், தம் மகளிரை ஒலிவாங்கியின் முன் அமர விடுத்தனர். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவேயாகையால் வாசகர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இனிக் காட்சியின் கதைக்கு வருவோம். தமிழில் ‘ஒலிபரப்பு’ என்பதற்கும் ‘ஒளிபரப்பு’ என்பதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. அச்சுக்கோப்பவர் கை சற்றுத் தவறினால் வானொலி தொலைக்காட்சியாகிவிடும்! உண்மையுலகிலோ ஓரெழுத்தைக் கடக்க நெடுங்காலம் பிடித்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது அதன் ஒளிபரப்பு சென்னையைச் சுற்றிய வட்டாரத்துக்கே எட்டியது. தென்கோடிக் கரையோர ஊர்களின் கதை வேறு. 1982 பிப்ரவரி 15-இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், உயர்ந்த கம்பங்களில் ஆண்டெனாக்களைக் கட்டித் தெற்கு நோக்கித் திருப்பி வைத்தவர்கள் பலர். காதுக்கு முதலில் வந்தது போலவே கண்ணுக்கும் கொழும்புதான் முந்திக்கொண்டது.

வானொலி நிகழ்ச்சியொன்று தொலைக்காட்சிக்கு மாறுவது எப்படி என்பதற்கு நம்மிடையே சிறந்த சான்று ‘பாட்டுக்குப் பாட்டு’. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய போட்டி அது. ஒருவர் பாட, குறிப்பிட்ட எழுத்தையோ சொல்லையோ பற்றிக்கொண்டு மற்றவர் பாடவேண்டும். 1993-இல் சன் தொலைக்காட்சி தோன்றியபின் அதே நிகழ்ச்சி அங்கே இடம்பெற்றது. அப்போதுதான் தமிழ்நாட்டின் இலட்சக்கணக்கான நேயர்கள் அக்குரலுக்குரிய முகத்தை முதன்முதலாகக் கண்டார்கள். நிகழ்ச்சி வெற்றி பெற்றது. குரலின் மதிப்பும் குன்றவில்லை. ஆனால் அது வானொலி நிகழ்ச்சியாக இருந்ததா என்றால் இல்லை என்றே சொல்லவேண்டும். மேடை வந்தது, விளக்கொளி வந்தது, பார்வையாளர் வரிசை வந்தது, கைதட்டல் வந்தது. சொல் கிடைக்காமல் போட்டியாளர் திகைக்கும் அந்த இரண்டு நொடி மௌனம் இருக்கிறதே, வானொலியில் அது நேயரின் நெஞ்சைப் படபடக்கச் செய்யும். மேடையில் அதே இடத்தை ஒரு முகத்தின் சுளிப்பு நிரப்பிவிடுகிறது. வானொலியைத் தொலைக்காட்சிக்கு அழைத்துச் சென்ற முறை அது. தொலைக்காட்சியே வானொலியின் அறைக்குள் விருந்தாளியாக வந்தமர்வது பிறிதொரு முறை. அதற்குத்தான் ஆளில்லாக் காமிரா வேண்டியதாயிற்று.

ஏன் ஆள் இருக்கக்கூடாது? அமெரிக்காவில் 1948-ஆம் ஆண்டிலேயே இதற்கான அனுபவம் கிட்டியது. ஆர்தர் காட்ஃபிரே என்பாரின் புகழ்மிக்க வானொலித் திறமைப் போட்டி அவ்வாண்டு டிசம்பரில் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியிலும் காட்டப்பெற்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தொஸ்கானினி நடத்திய இசைக்குழுவின் வானொலிக் கச்சேரியும் அவ்வாறே ஒளிபரப்பாயிற்று. அவை நடந்தவை பார்வையாளர்கள் நிறைந்த விசாலமான கூடங்களில். நாள்தோறும் பேச்சு நிகழும் வானொலி அறை அத்தகையதன்று. நான்கு பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும். சுவரெங்கும் ஒலியை உறிஞ்சும் பலகை, தரையில் கம்பளம், கதவு இரட்டைக் கதவு. காகிதத்தைப் புரட்டும் ஓசையும் ஒலிவாங்கியில் விழும் இடம் அது. அங்கே அந்நாளைய பெருங்காமிராவை உருட்டிக்கொண்டு மூவர் நுழைந்தால் அவர்களின் காலடியோசையும் மூச்சோசையும் நேயரின் காதில் விழும்; விளக்கின் வெப்பம் பேசுபவரின் நாவை உலர்த்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்காணாத நேயரிடம் பேசிப் பழகியவர் தம்மை உற்று நோக்கும் மூன்று மனிதரின் முன்னிலையில் பேச்சை இழப்பார்.

தொலைவிலிருந்து இயக்கப்படும் காமிரா இத்தடைகளை ஒருங்கே களைந்தது. அதன் அமைப்பு எளிதானது. தேங்காய் அளவே உள்ள காமிரா சுவரிலோ கூரையிலோ பொருத்தப்படுகிறது. அதனைத் தாங்கும் தலையில் இரண்டு சிறு மோட்டார்கள்: ஒன்று இடவலமாகத் திருப்ப, மற்றொன்று மேல்கீழாகச் சாய்க்க. மூன்றாவது மோட்டார் லென்சுக்குள் இருந்து காட்சியை அண்மைப்படுத்தவும் விலக்கவும் செய்கிறது. கம்பியொன்று இவற்றை அடுத்த அறையிலுள்ள மேசையோடு இணைக்கிறது. மேசையில் விரலளவே உள்ள நெம்புகோல். அதனைச் சாய்த்த பக்கம் காமிரா திரும்பும். மெல்லச் சாய்த்தால் மெல்லத் திரும்பும். மோட்டார் முனகினால் ஒலிவாங்கி அதனையும் பிடித்துக்கொள்ளுமாகையால் ஓசையின்றி ஓடும் மோட்டாரைச் செய்வதில்தான் பொறியாளர்கள் மிகவும் பாடுபட்டனர்.

இவற்றினும் வியப்புக்குரியது அதன் நினைவாற்றல். அறிவிப்பாளரின் முகம், விருந்தினரின் முகம், மேசை முழுவதும் என வேண்டிய கோணங்களை ஒருமுறை அமைத்து எண்ணிட்டு வைத்துவிடலாம். பின்னர் எண்ணை அழுத்தினால் காமிரா தானே அக்கோணத்துக்குச் சென்று நிற்கும். இதனால் ஒருவரே நான்கைந்து காமிராக்களை ஆள முடிகிறது. அந்த ஒருவரும் தேவையில்லை என்னும் நிலையும் வந்துவிட்டது. யாருடைய ஒலிவாங்கியில் குரல் எழுகிறதோ அவரை நோக்கிய காமிரா தானே காட்சிக்கு வரும்படி இணைப்புகள் அமைக்கப்படுகின்றன. ஒருவர் இருமினாலோ இடையே ‘ஆமாம்’ என்றாலோ காட்சி தாவிவிடாமலிருக்க ஓரிரு நொடி பொறுத்து மாறும்படி விதி வகுக்கிறார்கள். இருவர் ஒருங்கே பேசினால் அனைவரையும் அடக்கிய அகன்ற காட்சி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதிகளுக்குள் ஒரு நல்ல அவையடக்கமே அடங்கியிருப்பதைக் காணலாம்: பேசுபவரை நோக்கு; குறுக்கிட்டவனுக்காகப் பேசுபவரை விட்டுவிடாதே!

ஆனால் காமிரா எதனை நோக்கவேண்டும் என்னும் கேள்வி பொறியியலால் தீர்வதன்று. அக்கேள்வி வானொலி நிலையங்களுக்கு முன்பே சட்டமன்றங்களில் எழுந்தது. அவையும் வானொலியறையைப் போலவே பேச்சு நிகழும் இடங்கள்; அங்கும் காமிராக்காரர் நடமாட்டத்தை உறுப்பினர்கள் விரும்பவில்லை. ஆகையால் தொலைவிலிருந்து இயங்கும் காமிரா அங்கே வேரூன்றியது. பிரித்தானிய மக்களவை 1978 ஏப்ரல் முதல் வானொலியில் ஒலித்தது. பதினொரு ஆண்டு தயக்கத்துக்குப் பின் 1989 நவம்பர் 21-இல்தான் காட்சியாக வெளிவந்தது. அதுவும் எத்தனை நிபந்தனைகளுடன்! பேசும் உறுப்பினரின் தலையும் தோளுமே தெரியவேண்டும்; அவையில் குழப்பம் நேர்ந்தால் காமிரா அதனைக் காட்டலாகாது. பின்னர்ப் படிப்படியாக இவற்றைத் தளர்த்தினார்கள்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 1979 மார்ச் 19 முதல் ஒளிபரப்பானது. அங்கே காமிராக்களை இயக்கியவர்கள் தொலைக்காட்சி நிறுவனத்தாரல்லர். சபைத்தலைவரின் கீழிருந்த ஊழியர்கள். பேசுபவரை மட்டுமே காட்டவேண்டும் என்பது மரபு. மாலை நேரத்தில் அவை கலைந்த பின்னரும் உறுப்பினர்கள் சிலர் எழுந்து, எதிரணியை வன்மையாகச் சாடி, மறுமொழி கூறுவார் எவருமிலர் என்பதுபோல அறைகூவல் விடுப்பார்கள். வீட்டிலிருந்து பார்ப்பவர்க்கு அவை நிறைந்திருப்பதாகவும் எதிரணியினர் வாயடைத்து இருப்பதாகவும் தோன்றும். 1984 மே 10-ஆம் நாள் இராபர்ட் வாக்கர் என்னும் உறுப்பினர் அவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது, சபைத்தலைவர் டிப் ஓ'நீலின் ஆணைப்படி காமிரா மெல்லத் திரும்பி அவையைச் சுற்றிக் காட்டியது. வரிசை வரிசையாக வெற்று நாற்காலிகள்! உண்மையைத்தான் காமிரா காட்டியது. எனினும் முன்னறிவிப்பின்றி விதியை மாற்றியது முறையா என்று பெரும் பூசல் விளைந்தது. இருதரப்பிலும் ஓரளவு நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். காமிராவின் பின்னே ஆளில்லை என்பதால் அதனை ஆள்பவர் இல்லை என்றாகிவிடாது என்பதை உலகம் அன்று கண்டது.

நம் நாட்டு நாடாளுமன்றத்திலும் ஒலியும் ஒளியும் சிலகாலம் தோளிணைந்து நடந்தன. 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் உரை முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பாயிற்று. 1994-இல் மக்களவையின் முழு நடவடிக்கைகளும் படமாக்கப்பட்டன. பின்னர்க் கேள்வி நேரத்தை ஒளிபரப்பியபோது, ஒரு வாரம் ஓர் அவை தொலைக்காட்சியில் வந்தால் மற்றோர் அவை வானொலியில் வருமாறு முறைவைத்தார்கள். 2004 டிசம்பரில்தான் ஈரவைக்கும் தனித்தனி அலைவரிசை கிடைத்தது.

வானொலி அறைக்குள் ஆளில்லாக் காமிரா நிலைகொண்ட நிகழ்ச்சியாக எல்லாரும் சுட்டுவது 1994 ஜூன் மாதத்தை. நியூயார்க்கின் ஹோவர்ட் ஸ்டெர்ன் என்னும் வானொலிக்காரரின் காலை நிகழ்ச்சியைப் படம்பிடித்துச் சுருக்கி, இரவில் ஒரு கேபிள் தொலைக்காட்சி காட்டத் தொடங்கியது. நிலையத்தின் அறையில் தொலைவிலிருந்து இயங்கும் காமிராக்களைப் பொருத்தினார்கள். அந்நிகழ்ச்சியின் பொருள் நம் குடும்பங்கள் செவிமடுக்கத் தகாதது; கருவியின் வரலாறு கருதியே இங்கே பெயரைக் குறிக்கிறோம். பதினோராண்டு அது நடந்தது. 1996-இல் டான் ஐமஸ் என்பாரின் காலை வானொலி நிகழ்ச்சியை மற்றொரு தொலைக்காட்சி அப்படியே நேரலையாக ஏற்றது. ஒரு செய்தி நிகழ்ச்சிக்கு ஆகும் செலவில் சிறு பகுதி கொண்டு பல மணி நேரத்தை நிரப்ப முடிந்தமையே தொலைக்காட்சியாரை ஈர்த்தது என்பதில் ஐயமில்லை.

அந்த ஐமஸின் முடிவு நம் பொருளோடு தொடர்புடையது. 2007 ஏப்ரலில் அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி நிறவெறியும் பெண்ணிழிவும் கலந்த சொற்களைப் பேசினார். வானொலியில் காற்றோடு போயிருக்கக்கூடிய அச்சொற்கள், காமிரா பதிவு செய்திருந்தமையால் முகத்தோடும் சிரிப்போடும் நாடெங்கும் பரவின. சில நாட்களில் தொலைக்காட்சி அந்நிகழ்ச்சியைக் கைவிட்டது. அதற்கடுத்த நாள் வானொலி நிறுவனமும் அவரை நீக்கியது. சொல்லுக்குச் சாட்சியாகக் காமிரா நின்ற இடம் இது. வானொலியறையில் காமிராவே கூடாது என்று முழங்குவோர் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

காப்பதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. நாம் மேலே போற்றிய இலங்கை வானொலியின் பொற்கால நிகழ்ச்சிகளில் எத்தனை இன்று நம் கைக்குக் கிட்டுகின்றன? நேரலையாகப் போனவை போனவையே. ஒலிநாடாவில் பதிந்தவற்றுள்ளும் நாடாவின் விலை கருதி அழித்து மீண்டும் எழுதப்பட்டவை உலக வானொலிகள் அனைத்திலும் உண்டு. ஒரு தலைமுறையின் தமிழ், கடற்காற்றில் கரைந்துவிட்டது. இன்று காமிராவுள்ள அறையில் நிகழ்பவை ஒலியும் ஒளியுமாகச் சேமிப்பில் அமர்ந்துவிடுகின்றன.

அப்படியானால் நம் மறுப்பு எங்கே? காமிரா வந்ததும் வானொலிக்காரரின் இயல்பு மாறுகிறது. சட்டையைத் தேர்ந்து உடுத்துகிறார். சொல்லுக்குப் பதில் கையை அசைக்கிறார். எழுதி வைத்ததைக் குனிந்து படித்தால் முகம் தெரியாதென்று நினைவிலிருந்து பேசுகிறார், பிழை மலிகிறது. ‘இதோ பாருங்கள்’ என்று அவர் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டும்போது, வானொலியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வலைபின்னும் தொழிலாளிக்கும், அடுக்களையில் நிற்கும் தாய்க்கும், கண்பார்வையற்ற நேயருக்கும் அங்கே ஓர் இருட்டு விழுகிறது. எந்த நேயருக்காக அந்த அறை கட்டப்பட்டதோ அவரையே அது மறந்துபோகிறது.

இதைவிடக் கவலைக்குரியது, முன்பே குறித்த அந்தத் திரை. உருவம் தோன்றாது என்னும் உறுதியை நம்பி ஒலிவாங்கியின் முன் வந்த பெண்களுக்கு, ‘இனி எல்லா அறையிலும் காமிரா உண்டு, இசைந்தால் வருக, இல்லையேல் இருக்க’ என்பது விடையாகுமா? இசைந்து தோன்றும் சகோதரிகளை நாம் குறைகூறவில்லை. தொலைக்காட்சியில் கண்ணியமாகத் தோன்றித் தம் துறைக்குப் பெருமை சேர்த்தவர்களும் உள்ளனர். இசையாதவர்களின் குரலை இழந்துவிடக்கூடாது என்பதே நம் வாதம். வெட்கத்தாலோ, குடும்ப வழக்கத்தாலோ, ஊர்ப்பகைக்கு அஞ்சியோ, முகத்தழும்பு கருதியோ உருவம் காட்ட விரும்பாதவர் எல்லாச் சமயத்திலும் ஆண்களிலும் இருக்கின்றனர். குறைகளைத் துணிந்து சொல்லும் மீனவர் ஒருவர் பெயரும் முகமும் இன்றிப் பேச விரும்பினால் அதற்கு இடமளித்த ஊடகம் இதுகாறும் வானொலி ஒன்றே.

வழி இல்லாமலும் இல்லை. பிரதமரின் ‘மனதின் குரல்’ 2014 அக்டோபர் 3 முதல் வானொலி உரையாக வருகிறது; தூர்தர்ஷனும் அதனை ஒளிபரப்புகிறது. அதில் பேச்சில் வரும் ஊர்களும் மனிதர்களும் படங்களாகக் காட்டப்படுகின்றன. பேசுபவரின் முகம் ஒன்றையே நோக்கவேண்டிய கட்டாயம் காட்சிக்கு இல்லை. வானொலிக் குரல் குரலாகவே நிற்கக் காட்சி அதற்குத் துணையாக வரலாம் என்பதற்கு, அரசியல் விருப்பு வெறுப்பு எவ்வாறாயினும், இது நம் நாட்டிலேயே உள்ள சான்று.

தமிழ் ஒலிபரப்பின் மூத்த நிலையங்களுள் ஒன்றான பி.பி.சி. தமிழோசை, 1941 மே 3-இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு தன் சிற்றலை வானொலிச் சேவையை நிறுத்திக்கொண்டது. இன்று பி.பி.சி. தமிழைப் படிக்கலாம், பார்க்கலாம். சென்னையின் தனியார் பண்பலை நிலையங்கள் பலவும் தம் அறைகளில் நிகழும் உரையாடல்களைக் காட்சியாக இணையத்தில் ஏற்றுகின்றன. கட்டுமாவடி மீன்சந்தையில் ஏலக் குரலுக்கிடையே ஒலிப்பது இப்போது பெரும்பாலும் கைபேசி. அதிலே குரலோடு முகமும் வருகிறது. காலத்தின் இந்த ஓட்டத்தை நிறுத்துவது எவர்க்கும் இயலாது, அதனை நாம் வேண்டவுமில்லை.

வானொலியறைகளை அமைப்போரிடம் நாம் வேண்டுவது சிறிது. பிரித்தானியர் தம் அவைக்கு எழுதி வைத்தது போல, எதனைக் காட்டலாம் எதனைக் காட்டலாகாது என்பதை முன்கூட்டியே எழுதி, பேச வருபவரிடம் அதனைச் சொல்லி, அவர் விருப்பத்தைக் கேட்டறிந்த பின்னரே காமிராவை இயக்க வேண்டும். நேரலையின் நடுவே விதியை மாற்றலாகாது. முகம் வேண்டாம் என்பவரை வாசலோடு திருப்பியனுப்பவும் வேண்டியதில்லை. ஆள் நின்று இயக்கும் காமிராவாயின் அவர் கண் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இதுவோ சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கும் காமிரா. அதன் நினைவில் பல கோணங்களுக்கு இடமுண்டு. அவற்றுள் ஒன்றை ஒலிவாங்கியை மட்டும் நோக்குமாறு அமைத்து, எண்ணிட்டு வைத்துவிட்டால் போதும்.